முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு

போன மாதம் என் தம்பி மகனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வில்லியனூரிலிருந்து வந்துகொண்டிருந்தேன். இந்த வயதில் ஸ்கூட்டர் எதற்கு என்று கேட்காதீர்கள். பஸ்ஸில் ஏறினால் எல்லோரும் எழுந்து இடம் கொடுக்கிறார்கள், அது எனக்குப் பிடிப்பதில்லை. பொழுது சாய்ந்து அரை மணி ஆகியிருக்கும். கரிக்கலாம்பாக்கம் முக்கூட்டு ரோட்டில் போலீஸ்காரப் பெண் ஒருத்தி கையை நீட்டி எங்களை நிறுத்தினாள்.

"லைட்டுல கறுப்புப் பொட்டு எங்க சார்?"

விளக்குக் கண்ணாடியின் மேல்பாதியில் கறுப்பு அடித்திருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் எதிரில் வருகிறவர்களுக்குக் கண் கூசுமாம். "மழையில அழிஞ்சிபோச்சி மேடம்" என்று என் தம்பி மகன் வாய் கூசாமல் சொன்னான். வண்டி வாங்கிய நாளிலிருந்து அதில் பொட்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நீங்க இன்னாம்மா சிரிக்கிறீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"ஒண்ணுமில்லம்மா. வெளிச்சம் பத்தலன்னு இதே எடத்துல என்னை மூணு தரம் நிறுத்தியிருக்காங்க. வெளிச்சம் ஜாஸ்தியா இருக்குதுன்னு நிறுத்தறத இன்னிக்குத்தான் பாக்கறேன்."

அவளுக்கு என்ன புரிந்ததோ, அவளும் சிரித்துவிட்டாள். ஜீப்பில் சின்ன பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் வைத்திருந்தாள். குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை படம் வரைகிற மாதிரி கறுப்பு அடித்துவிட்டு எங்களை அனுப்பினாள். "அத்தை, நீ வாயத் தொறந்தா நமக்கு நல்ல காலந்தான்" என்றான் தம்பி மகன்.

அந்தப் பெயிண்ட் வாசனை வீட்டுக்கு வந்த பிறகும் மூக்கை விட்டுப் போகவில்லை. எனக்கு அந்த வாசனை என்றால் வண்டித் தகடுதான். பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஒவ்வொரு மாட்டு வண்டிக்கும் நம்பர் உண்டு. பாகூரில் கொம்யூன் ஆபீஸ் இருந்தது, அதை மேரி என்போம். அங்கே வெள்ளைத் தகரத்தில் கறுப்பாக எண் எழுதிக் கொடுப்பார்கள். எங்கள் வண்டிக்கு நூற்றுப் பதினேழு. வண்டியின் இடது பக்கப் பலகையில் நாலு ஆணி போட்டு அடித்திருந்தது. அந்தத் தகடு இல்லாத வண்டி ரோட்டில் ஏறக்கூடாது. வயலுக்குள்ளே எரு அடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

நான் பிறந்தது திருவாண்டார்கோயில், வாழ்க்கைப்பட்டது குருவிநத்தம். என் தம்பி பிறக்கும்வரை எங்கள் வீட்டில் நாங்கள் நாலும் பெண். ஆள் இல்லாததால் அப்பா எனக்கு வண்டி ஓட்டப் பழக்கிவிட்டார். கல்யாணப் பேச்சில் இதை மட்டும் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. சமைக்கத் தெரியும், தைக்கத் தெரியும் என்றெல்லாம் பொய் சொன்னார்கள். உண்மையில் தெரிந்த ஒரே வேலையை மறைத்துவிட்டார்கள்.

குருவிநத்தம் பெண்ணையாற்றங்கரை ஊர். ஆற்று வண்டலில் கத்தரிச்செடி இடுப்பு உயரம் வளரும். காம்பு முள் விரலில் ஏறினால் மூன்று நாள் கடுக்கும், ஆனால் காய் எண்ணெய் தடவினது மாதிரி பளபளவென்று இருக்கும். சந்தை நாளுக்கு முந்தின சாயங்காலம் பறித்து, நடுச்சாமத்தில் வண்டி பூட்டினால், பாகூர் தாண்டி, கரிக்கலாம்பாக்கம் தாண்டி, விடிவதற்குள் வில்லியனூர் சந்தைக்குப் போய்விடலாம். புதுச்சேரி வியாபாரிகள் இருட்டோடு வந்து நல்ல காயை அள்ளிக்கொண்டு போவார்கள். வெயில் ஏறிப் போகிற காய் சொத்தைக் காயோடு சேர்ந்ததுதான்.

இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் என்று நினைக்கிறேன். காய்ப்பு உச்சத்தில் இருந்தபோது என் வீட்டுக்காரர் பாதத்தில் கரும்பு வண்டிச் சக்கரம் ஏறிவிட்டது. எலும்பு முறிந்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, கட்டிலில் போட்டார்கள். காயைப் பக்கத்து வண்டியில் ஏற்றி அனுப்பலாம் என்றார் மாமியார். மாமனார் இல்லாத வீடு, மாமியார் வைத்ததுதான் சட்டம். நான் தொழுவத்துக்குப் போய் மாட்டைப் பிடித்து வந்து நுகத்தடியில் பூட்டி, வண்டியை ஒரு சுற்று சுற்றிக் காட்டினேன். அவர் பார்த்த பார்வையைப் பார்த்தால் நான் மாட்டைப் பூட்டவில்லை, புலியைப் பூட்டினேன் என்று நினைப்பீர்கள்.

"பொம்பள வண்டி ஓட்டிக்கினு போனா ஊரு சிரிக்கும்" என்றார்.

"காயி அழுவினா மட்டும் ஊரு அழுவுமா அத்த?" என்றேன். எனக்கு அப்போதெல்லாம் வாய் அதிகம். இப்போது குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஒருவழியாகச் சம்மதித்தார். எனக்கும் துணை இருந்தது. அடுத்த வீட்டு அஞ்சலை அக்கா புருஷனை இழந்தவர், தன் இரண்டு கிழ மாடுகளை வைத்துக்கொண்டு ஏற்கெனவே சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் மூன்று சந்தைக்குப் போய் வந்தேன். அந்த மூன்று ராத்திரிகளைப் பற்றி உங்களுக்கு எப்படிச் சொல்வது? இருபது வயது. தலைக்கு மேலே அவ்வளவு நட்சத்திரம். மாடுகளுக்கு வழி தெரியும், நமக்குத் தூக்கம் வந்தால் தூங்கலாம். ஆனால் நான் தூங்கியதே இல்லை. பிறந்ததிலிருந்து அம்மா வீடு, கட்டிக்கொண்டு மாமியார் வீடு என்று இருந்தவளுக்கு நடுவில் இவ்வளவு நீளமாக ஒரு ரோடு இருப்பது அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் விளக்குச் சட்டம் வந்தது.

ஊரில் தண்டோரா போடுகிறவர் அந்தோணி அண்ணன். மாதா கோயில் தெருக்காரர். குரல் என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் எல்லைக்கும் கேட்கும். அவர் தமுக்கு அடித்து, "பொழுது அடைந்தது முதல் விடியும்வரை பாட்டையில் செல்லும் மாட்டு வண்டி ஒவ்வொன்றும் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் ஏற்றியிருக்கக் கடவது" என்றார். அந்த முதல் வாக்கியத்தைக் கேட்டதும் ஜனங்கள் கவர்மெண்டைத் திட்டிக்கொண்டே கலைந்துவிட்டார்கள். அவர் பாட்டுக்கு மீதியைக் காற்றுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அதே காகிதத்தைச் சாவடிச் சுவரில் கஞ்சிப் பசை போட்டு ஒட்டியும் வைத்தார்கள். மறுநாளே ஆடு வந்து பசை ருசிக்காகக் கீழ்ப்பாதியைத் தின்றுவிட்டது.

ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு விளக்கு என்றால் எங்கே போவது? ஒரு லாந்தர் இருந்தாலே அந்த வீடு வசதியான வீடு. எங்கள் வரிசையில் ஏழு வண்டிக்காரக் குடும்பத்துக்கும் சேர்த்து இருந்தது இரண்டே லாந்தர். ஒன்று எங்களுடையது.

கரிக்கலாம்பாக்கம் முக்கூட்டில் புதிதாக ஒரு சிப்பாயைப் போட்டிருந்தார்கள். அப்போது போலீஸ்காரரை அப்படித்தான் சொல்வோம். கதிர்வேலு என்று பேர். சிவப்புத் தொப்பி, முறுக்கின மீசை, கையில் பேட்டரி லைட்டு. அந்த பேட்டரி லைட்டை முகத்தில் அடித்தார் என்றால் மாடு தும்மும். லஞ்சம் வாங்க மாட்டார். ஒரு கத்தரிக்காய் கொடுத்தால்கூட வாங்க மாட்டார். அதுதான் பெரிய தொல்லையாக இருந்தது.

முதல் தரம் நான் விளக்கே இல்லாமல் போனேன். மாட்டை அவிழ்க்கச் சொல்லி, விடிகிறவரை ரோட்டோரம் உட்கார வைத்துவிட்டார். இரண்டாவது தரம் எங்கள் லாந்தரை ஏற்றி முன்னால் கட்டிக்கொண்டு கம்பீரமாகப் போனேன்.

"பின்னால செவப்பு எங்க?" என்றார்.

அன்றைக்கும் விடியும்வரை உட்கார்ந்தேன். இரண்டு தரமும் காய் பாதி மாட்டுக்குத்தான் போனது. இரண்டாவது தரம் அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து நூற்றுப் பதினேழு என்று எழுதிக்கொண்டு, "இன்னொரு தரம் மாட்டின, தகட்டப் புடுங்கிடுவேன். ஒரு வருசத்துக்கு வண்டி ரோட்டுல ஏற முடியாது. சொல்லிட்டேன்" என்றார்.

மாமியார் இதைக் கேட்டுவிட்டுச் சத்தம்கூடப் போடவில்லை. "மூணாவது தரம் புடிச்சா தகடு போவும். தகடு போனா வண்டி போவும். இனிமே நீ போவ வாணாம். வூட்டுல கெட" என்றார். மறுபேச்சு இல்லை. நான் அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்து அழுதேன். காய்க்காக அழுதேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். காய் அழுகினால் போகிறது. அந்த ரோடு போய்விட்டதே என்றுதான் அழுதேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ரோட்டைத் திரும்ப வாங்கிக் கொடுத்தது என் வீட்டுக்காரரின் சலிப்பு. கட்டிலில் கிடந்து கிடந்து பைத்தியம் பிடிக்கிற நிலைமை அவருக்கு. போகிற வருகிற ஆளையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துக் கதை கேட்பார். ஒருநாள் மத்தியானம் அந்தோணி அண்ணன் அந்தப் பக்கம் வந்தார். "இந்த வெளக்குச் சட்டத்த முழுசாத்தான் சொல்லேன், கேப்போம்" என்றார் இவர்.

அந்தோணி அண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பாகூர் மேரியில் குமாஸ்தா இரண்டு தரம் வாசித்துக் காட்டினால் போதும், எழுத்துப் பிசகாமல் மனதில் நின்றுவிடும். பதினோரு ஊரில் அதையே சொல்லியிருந்தார். முழுசாகக் கேட்க ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் எழுந்து நின்று, தொண்டையைக் கனைத்து ஆரம்பித்தார். நான் உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

"இரண்டுக்கு மேற்பட்ட வண்டிகள் இடைவெளியின்றி ஒன்றன்பின் ஒன்றாய்ச் செல்லுமிடத்து, முதல் வண்டியில் வெள்ளை விளக்கும் கடைசி வண்டியில் சிவப்பு விளக்கும் இருப்பின் போதுமானது."

முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

"அண்ணே, இன்னொரு தரம் சொல்லுங்க."

அவரை அண்ணே என்று கூப்பிட்டது மாமியாருக்குப் பிடிக்கவில்லை. அந்தக் காலத்துச் சாதிப் புத்தி அது, எங்கள் வீட்டிலும் இருந்தது, மறைப்பதற்கில்லை. அந்தோணி அண்ணன் திரும்பச் சொன்னார். ஏழு வண்டி, இரண்டு லாந்தர். கணக்கு போடவே தேவையில்லை.

ஆனால் ஆறு பேரைச் சம்மதிக்க வைப்பது இருக்கிறதே! நாலு நாள் வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஆட்டு வயிற்றில் போன சட்டத்தை நம்பி வண்டி பூட்டுவதா என்றார் ஒருத்தர். ஒரு பெண்பிள்ளை சொல்லி வரிசையில் போவதா என்று நேராகவே கேட்டார் இன்னொருத்தர். "சரிங்க, அப்ப உங்க காயி உங்க மாட்டுக்கு" என்றேன். கடைசியில் அந்த வாரக் காய் முற்றிக்கொண்டு வந்ததுதான் அவர்களைச் சம்மதிக்க வைத்தது. மாமியார் ஒரே ஒரு தரம் என்று விரலைக் காட்டினார். தகடு போனால் பிறகு வண்டிப் பேச்சே வீட்டில் எடுக்கக்கூடாது என்று என் வாயாலேயே சொல்ல வைத்தார்.

சிவப்புக்கு என்ன செய்வது? என் கல்யாணத்துக்குத் தைத்த சிவப்புப் பட்டு ரவிக்கை பெட்டியில் இருந்தது. மூன்று வருஷத்தில் அதற்குள் என் கை நுழையாமல் போய்விட்டது, காரணம் கேட்காதீர்கள். அதைப் பிரித்து லாந்தர் கம்பி மேல் சுற்றிக் கட்டினேன். திரியைத் தூண்டினால் பட்டு பொசுங்கும், தணித்தால் சிவப்பு தெரியாது. நடுவில் ஓர் அளவு கண்டுபிடிப்பதற்குள் வீடு முழுக்க கிருஷ்ணாயிலும் பட்டும் கலந்த நாற்றம்.

முந்தின நாள் ஆற்று மணலில் ஒத்திகை பார்த்தோம். அங்கேதான் நான் முட்டாள் ஆனேன். எங்கள் மயிலை ஜோடி அந்தப் பக்கத்திலேயே வேகமான மாடு. ஆகவே நம் வண்டிதான் முதலில் என்று நான் நினைத்தேன், மாமியாரும் நினைத்தார். அவருக்கு அந்த ஜோடி மேல் அவ்வளவு பெருமை. நான் முன்னால் ஓட்டினேன். திரும்பிப் பார்த்தால் இரண்டாவது வண்டிக்கும் எனக்கும் நடுவில் ஒரு கல்யாணப் பந்தல் போடலாம். ஏழாவது வண்டி கண்ணுக்கே தெரியவில்லை. சட்டத்தில் இடைவெளி கூடாது என்று இருக்கிறதே!

அஞ்சலை அக்காதான் சொன்னார். "அடியே, வரிசைன்னா நொண்டி மாடுதான் முன்னால போவணும். அதும்பின்னால மத்தது நவுந்து வரும்."

அவருடைய கிழ மாடுகள் முதலில், அப்புறம் அதைவிடக் கொஞ்சம் வேகம், அதைவிடக் கொஞ்சம் வேகம், கடைசியில் எங்கள் மயிலை. ஒவ்வொரு மாடும் முன்வண்டி வைக்கோலில் வாயை வைத்துக்கொண்டு ஒட்டி ஒட்டி வந்தது. வெள்ளை விளக்கு அஞ்சலை அக்காவுக்கு, ரவிக்கை விளக்கு எனக்கு. எங்கள் மாடு கடைசியில் போவதைப் பார்க்கப் பொறுக்காமல் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்தோணி அண்ணனையும் கூட வரச் சொன்னேன். "சட்டம் உங்க வாயிலதாண்ணே இருக்குது. உங்கள வுட்டுட்டு எங்க போறது?" தமுக்கை ஒரு துப்பட்டியில் சுற்றிக்கொண்டு மூன்றாவது வண்டியில் காய் மூட்டைமேல் படுத்துக்கொண்டார்.

விடிய மூன்று மணி நேரம் இருக்கும்போது முக்கூட்டுக்கு வந்தோம். பேட்டரி லைட்டு எரிந்தது. கதிர்வேலு சிப்பாய் அஞ்சலை அக்கா வண்டியைப் பார்த்தார். வெள்ளை விளக்கு சரி. இரண்டாவது வண்டிக்கு வந்தார்.

"வெளக்கு எங்க?"

"முன்னால கீதுங்க" என்றார் வண்டிக்காரர்.

மூன்றாவது வண்டி. "வெளக்கு எங்க?"

"பின்னால கீதுங்க."

இப்படியே கேட்டுக்கொண்டே கடைசிக்கு வந்தவர் என் முகத்தில் லைட்டை அடித்தார். "நீயா? நூத்திப் பதினேழு. மூணாவது தரம்" என்றார். பையிலிருந்து குறடை எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஓர் ஆணியைப் பிடுங்கிவிட்டார். அந்த ஆணி கழன்ற சத்தம் என் பல்லைப் பிடுங்கினது மாதிரி இருந்தது. குதித்து இறங்கித் தகட்டின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டேன்.

"சட்டத்தக் கேட்டுட்டு அப்பால புடுங்குங்க."

"சட்டம் உனக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சவர இட்டுக்கினு வந்திருக்கேன்."

அந்தோணி அண்ணன் இறங்கி வந்தார். அவசரமே இல்லை அவருக்கு. பனியில் தமுக்குத் தோல் தளர்ந்திருந்தது. அதை என் லாந்தர் சூட்டில் காட்டிக் காட்டித் தட்டிப் பார்த்தார். சிப்பாய் குறடோடு நின்றுகொண்டிருக்கிறார். பிறகு அடித்தார் பாருங்கள், கரிக்கலாம்பாக்கமே எழுந்துவிட்டது. நாய்கள் குரைக்க, ஆட்கள் போர்வையோடு ஓடி வந்தார்கள். யார் செத்தது, எங்கே தீப்பிடித்தது என்று கேட்டுக்கொண்டு வந்தவர்களுக்கு நடுவில் நின்று, "இதனால் சகல சனங்களுக்கும் தெரிவிப்பது யாதெனில்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

முதல் வண்டி, கடைசி வண்டி என்கிற இடம் வந்ததும் சிப்பாய் கையைக் காட்டினார். "நிறுத்து. இது நீயா சேத்துக்கினதா?"

"என் வார்த்த ஒண்ணும் இதுல இல்லீங்க. எல்லாம் கவர்மெண்டு வார்த்த. இந்த ஊர்லயும் இதேதான் சொன்னேன். கேட்டுப் பாருங்க."

கூட்டத்தைப் பார்த்தார் சிப்பாய். கூட்டம் ஒருவரையொருவர் பார்த்தது. அவர்களும் எங்களைப் போலத்தானே, முதல் வாக்கியத்தோடு நடையைக் கட்டியவர்கள்! எனக்கு உயிரே போய்விட்டது. அப்போது பின்னாலிருந்து ஒருத்தர் கையைத் தூக்கினார்.

"நான் கேட்டேங்க. அன்னிக்கி மரத்தடியில செரச்சிக்கினு இருந்தேன். பாதி மொகம்தான் ஆயிருந்திச்சி. எழுந்து போவ முடியுமா? முழுக்கக் கேட்டேன். இவர் சொல்றது நெசம்."

"நானும்தாங்க கேட்டேன். செரச்சவனே நான்தான்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

சிப்பாய் அந்தோணி அண்ணன் பக்கம் திரும்பினார். "மீதியையும் சொல்லு" என்றார். அந்தோணி அண்ணன் தொடர்ந்தார். அந்த நேரம் பார்த்து வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மோட்டார் வந்தது. அந்த வட்டாரத்தில் பெரிய பண்ணைக்காரர் ஒருவருடைய கார். பூசணிக்காய் அளவுக்கு இரண்டு விளக்கு, இரண்டும் முழு வெளிச்சத்தில். அஞ்சலை அக்காவின் மாடுகள் மிரண்டு பள்ளத்துப் பக்கம் திரும்பின, அவர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தொங்கினார். அந்தோணி அண்ணன் நிறுத்தவில்லை. சட்டம் வரிசைப்படி அதே இடத்துக்குத்தான் வந்திருந்தது.

"மோட்டார் ஓட்டுகிறவர், எதிரே வண்டியோ மிருகமோ வரக் கண்டால், கண் கூசும் விளக்கைத் தணித்துக்கொள்ளக் கடவது."

கூட்டம் மொத்தமும் சிப்பாயைப் பார்த்தது. அந்தக் கார் போகும்போதெல்லாம் அவர் விறைப்பாக நின்று சலாம் அடிப்பது ஊருக்கே தெரியும். அன்றைக்கும் கை பாதி மேலே போனது. பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நடு ரோட்டுக்குப் போய், விசிலை ஊதினார்.

கார் நின்றது. "யார் வண்டின்னு தெரியுதா?" என்று கத்தினான் டிரைவர்.

"வண்டி யாருதுன்னு சட்டத்துல போடல. வெளக்க அணை" என்றார் கதிர்வேலு சிப்பாய்.

அந்த வார்த்தையோடு அவர்மேல் எனக்கிருந்த கோபம் எல்லாம் போய்விட்டது. அந்த மனிதருக்கு எல்லாரும் ஒன்றுதான். இது தெரியாமல் இத்தனை நாள் திட்டியிருக்கிறேன். பண்ணைக்காரர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். டிரைவர் விளக்கை அணைத்து, காரை ஓரம் கட்டினான். சிப்பாய் திரும்பி வந்து, பிடுங்கின ஆணியைப் பழைய ஓட்டையில் வைத்து, குறடின் பின்பக்கத்தால் தானே அடித்தார்.

"வெளக்குல எண்ண இருக்குதா பாத்துக்கம்மா. சந்தை வரைக்கும் எரியணும்" என்றார்.

ஏழு வண்டியும் நகர்ந்தன. கிழ மாடு என்ன வேகத்தில் போகுமோ அந்த வேகத்தில், காத்துக்கொண்டிருந்த காரைத் தாண்டிப் போனோம். அதற்குமேல் வேகம் வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. கரிக்கலாம்பாக்கம் ஜனம் ரோட்டின் இரண்டு பக்கமும் நின்று தேர் பார்க்கிற மாதிரி பார்த்தது. அந்தோணி அண்ணன் மூன்றாவது வண்டியில் ஏறி நின்று தமுக்கை அடித்துக்கொண்டே வந்தார், அதற்கு ஒரு தேவையும் இல்லை. என் வண்டி கடைசி. காருக்கு நேரே வந்தபோது என்னால் சும்மா இருக்க முடியாமல், பின்னால் கட்டியிருந்த லாந்தரின் திரியை எட்டிக் கொஞ்சம் தூண்டிவிட்டேன். பட்டு பொசுங்கினால் பொசுங்கட்டும் என்று இருந்தது.

விடியுமுன் வில்லியனூர். ஒரு காய் மிச்சமில்லாமல் போனது. வெயில் ஏறி வீட்டுக்குத் திரும்பினால், மாமியார் என் முகத்தைப் பார்க்காமல் நேராக வண்டியின் இடது பக்கம் போனார். தகட்டைத் தடவி நாலு ஆணியையும் எண்ணினார். பிறகு உள்ளே போய் எனக்குச் சோறு போட்டார். மூன்று வருஷத்தில் அவர் எனக்குப் போட்ட முதல் சோறு அது.

அதற்கப்புறம் விளக்கில்லாத வண்டியெல்லாம் எங்கள் வரிசைக்கு வர ஆரம்பித்தது. வழியில் வந்து சேருகிற வண்டி நடுவில்தான் நுழைய வேண்டும், மாட்டு வேகம் பார்த்து அஞ்சலை அக்கா இடம் சொல்வார். எத்தனை பெரிய மனிதருடைய மாடாக இருந்தாலும், வேகமாக இருந்தால் பின்னால்தான். ஒரு தை மாசத்தில் முப்பத்தொரு வண்டி ஒன்றாகப் போனோம். சிப்பாய் எண்ணிச் சொன்ன கணக்கு அது. இரண்டே விளக்கு.

என் வீட்டுக்காரருக்குக் கால் சரியானதும் ஒருநாள் நடுச்சாமத்தில் தொழுவத்துக்கு வந்தார். நான் பூட்டிக்கொண்டிருந்தேன். கயிற்றை வாங்குவார் என்று நினைத்தேன். "நான் எங்க குந்தறது?" என்று கேட்டார். பின்பக்கம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சிவப்பு விளக்கை மடியோரம் பிடித்தபடி உட்கார்ந்து வந்தார். அவர் பார்ப்பது பின்னால், நான் பார்ப்பது முன்னால். முதுகும் முதுகுமாக உட்கார்ந்து அந்த ரோட்டில் நாங்கள் பேசின பேச்சில் பாதிகூட வீட்டில் பேசியதில்லை.

இப்போது அங்கே வரிசையும் இல்லை, வண்டியும் இல்லை. வெள்ளைக்காரன் போனான், சிவப்புத் தொப்பி மட்டும் போலீஸ் தலையில் இன்னும் இருக்கிறது. அஞ்சலை அக்கா போய், அந்தோணி அண்ணன் போய், என் வீட்டுக்காரரும் போய்விட்டார். கரிக்கலாம்பாக்கம் வயலெல்லாம் மனைக்கல் நட்டுவிட்டார்கள். இதையெல்லாம் நினைத்து எனக்கு வருத்தம் இல்லையென்று சொன்னால் பொய்.

ஆனால் அந்தக் காலத்திலேயே எங்கள் வீட்டை விட்டுப் போன இன்னொன்று உண்டு, அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அதுவரை எங்கே கிளம்பினாலும் நிலைப்படிக்கு உள்ளேயே நின்று, யாராவது சரியென்று தலையாட்டுகிறார்களா என்று பார்ப்பேன். ஆட்டினால்தான் காலை வெளியே வைப்பேன். ஏழு வண்டியும் சேர்ந்து போன அந்தச் சந்தைக்கு அடுத்த சந்தைக்குக் கிளம்பும்போது நான் அங்கே நிற்க மறந்துவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என் பெண்கள் மூன்று பேரும், வந்த மருமகளும் அந்த நிலைப்படியைத் தாண்டித்தான் வேலைக்கும் சந்தைக்கும் சினிமாவுக்கும் போனார்கள். அங்கே நிற்க வேண்டும் என்று ஒன்று இருந்ததே அவர்களுக்குத் தெரியாது.